'பொறுமையாயிருங்கள்': ஒருமையா, பன்மையா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 49. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா அம்மா பால்மரம் வெட்டியவர்கள். என் வீட்டுக்காரர் (56) செம்பனைப் பழ லோரி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தண்ணீர் குடித்தால் இருமுகிறார். திடீரென்று சிரிக்கிறார், திடீரென்று அழுகிறார்; என்னைக் கேலி செய்கிறாரோ என்றுகூட இருக்கிறது. காலையில் நான் பள்ளிக்கூடக் கேண்டீனுக்குப் போகிறேன், அந்த நேரம் மாமியார் பார்த்துக்கொள்கிறார். முதல் ஆறு மாதம் சபையே எங்கள் வீட்டில்தான் இருந்தது. இப்போது 'ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்' என்று வாட்ஸ்அப் மட்டும் வருகிறது. வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியர், வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, 21 நாள் உபவாசம் இருங்கள் என்றார். எனக்குச் சர்க்கரை. எட்டாம் நாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தேன். அதிலிருந்து ஜெபமே வரவில்லை. அவரைத் துடைத்துவிடும்போது கோபத்தில் கையை அழுத்திப் பிடித்துவிடுகிறேன். சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று தோன்றும். இதற்கு நடுவில் மகளுக்கு ஆகஸ்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சந்தோஷப்படவே பயமாயிருக்கிறது. என் விசுவாசம் போய்விட்டதா ஐயா? அன்பும் போய்விட்டதா?

– ஒரு சகோதரி, பேராக்

பதில்:

சகோதரி, கடைசியில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நடுவில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது: கண் விழிக்காமலே போனால் நல்லது. அதை நான் அப்படிக் கடந்துபோக முடியாது. அசதியில் வருகிற எண்ணம் அது என்று இருக்கலாம். ஆனால் அந்த எண்ணத்தோடு 'எப்படி' என்ற யோசனையும் சேர்ந்து வந்தால், இந்தப் பதிலைக்கூட முடிக்க வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) உதவி எண் 03-7627 2929-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) உதவி எண் 15555. அப்படி இல்லையென்றாலும், அடுத்த முறை உங்கள் சர்க்கரைக்காக அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (சுகாதார நிலையத்துக்கு) போகும்போது, டாக்டரிடம் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு எல்லாம் சேர்ந்து குறைந்திருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கென்று ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள், நிரப்பப் பத்து நிமிடம்கூட ஆகாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு இல்லை என்றால், இதற்குப் போடுவதும் இல்லை.

அடுத்து உபவாசம். 21 நாள் என்ற கணக்கு தானியேல் 10-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். தானியேல் மூன்று வாரம் ருசியான ஆகாரத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விலக்கினார் என்றுதான் இருக்கிறது. பட்டினி கிடந்தார் என்று இல்லை. சர்க்கரை மாத்திரைகளில் கிளிக்ளசைட் போன்றவையும் இன்சுலினும், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் அவற்றைப் போட்டுக்கொண்டு வேலைக்கும் போனால் இரத்தச் சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே இறங்கலாம்: கை நடுங்கும், குளிர்ந்து வேர்க்கும், பிறகு கண் இருட்டும். அன்று நீங்கள் விழுந்ததற்கு அதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சாத்தானின் தாக்குதல் என்று யாராவது சொல்லியிருந்தால், அதை மறந்துவிடுங்கள். இனி அப்படி ஆனால் மூன்று தேக்கரண்டிச் சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், 15 நிமிடம் உட்காருங்கள், மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பிறகு ஒழுங்காகச் சாப்பிடுங்கள். உபவாசம் இருந்தே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், இரவு ஒன்பதுக்கு மேல் கைப்பேசியை அணைத்துவையுங்கள். உங்கள் நிலையில் அது போதும்.

மறைவான பாவம் என்று சொன்ன ஊழியருக்கும் பதில் வேதத்திலேயே இருக்கிறது. பவுல் தன் கூட்டாளியான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறது என்று அறிந்து, வயிற்றுக்காக என்ன குடிக்கலாம் என்று சொல்லி அனுப்புகிறார். தன் உடம்பில் 'முள்' என்று அவர் சொன்ன வேதனைக்காக மூன்று தரம் வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. இந்த மூன்று இடத்திலும் 'பாவத்தைத் தேடுங்கள்' என்ற பேச்சே இல்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகல் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கியபோதுதான் தப்பு நடந்தது. அந்த ஊழியர் மறுபடி வந்தால் வாசலிலேயே, 'ஐயா, எங்கள் போதகர் இருக்கும்போது வாங்க' என்று சொல்லிவிடுங்கள். நல்ல மனதோடு வருகிறவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். விசுவாசம் போய்விட்டதா?

ரோமர் 12:12: 'நம்பிக்கையிலே சந்தோஷமாயிருங்கள், உபத்திரவத்திலே பொறுமையாயிருங்கள், ஜெபத்திலே உறுதியாய்த் தரித்திருங்கள்.' உங்கள் வீட்டுச் சுவர்க் காலண்டரிலும் இந்த வசனம் எங்கேயாவது இருக்கும். இதில் தமிழில் படிக்கிற நமக்கு ஒரு சிக்கல் உண்டு. நாம் ஒரு பெரியவரிடம் பேசினாலும் 'இருங்கள்' என்போம், பத்துப் பேரைப் பார்த்துப் பேசினாலும் 'இருங்கள்' என்போம். அதனால் இதைத் தனியாக அடுப்படியில் நின்று படிக்கிற ஒரு அம்மாவுக்கு, ஆண்டவர் தன்னை மட்டும் கூப்பிட்டு, மரியாதையாக, 'பொறுமையாயிருங்கம்மா' என்று சொல்வதுபோல் காதில் விழுகிறது. பழைய தமிழ் வேதாகமத்தின் வழக்கம் அது இல்லை. ஒருவரிடம் பேசினால் 'நீ', மரியாதைக்கு 'நீர்'. 'நீங்கள்' வந்தால் பலர். மூலமான கிரேக்கத்திலும் இந்த இடத்தில் பன்மைதான். ரோமாபுரியில் இருந்த சபை முழுவதையும் உட்கார வைத்துச் சொன்ன சொல் இது. அடுத்த வசனமே, குறைவில் இருக்கிறவர்களுக்கு உதவிசெய்யுங்கள் என்கிறது. அதற்கு இரண்டு வசனம் தள்ளி, சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படவும் அழுகிறவர்களோடு அழவும் சொல்கிறது. ஒரு சபையே சேர்ந்து தூக்க வேண்டியதை இரண்டு வருடமாக நீங்கள் ஒருவரே தூக்கிவிட்டு, கை வலிக்கிறதே, விசுவாசம் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள்.

அந்த 'பொறுமை'க்கு உரிய கிரேக்க வினைச்சொல் ஹுப்பொமெனோ. பிரித்தால் 'கீழே தங்கு' என்று வரும். பாரத்தை விட்டு ஓடாமல் அதன் கீழே நிற்பது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாய் நிற்பது என்று அந்தச் சொல்லில் இல்லை. 1 கொரிந்தியர் 13:7-இல் அன்பைப் பற்றிச் சொல்லும்போது, 'சகலத்தையும் சகிக்கும்' என்று முடிகிறதே, அங்கேயும் இதே வினைதான். நீங்கள் இரண்டு கேள்வியாகக் கேட்டது பவுலுக்கு ஒரே சொல். நீங்கள் இன்னும் அந்த வீட்டில், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஆகவே என் பதில்: இரண்டும் போகவில்லை. ஆனால் இப்படியே போனால் ஆள் போய்விடுவீர்கள். அதனால் கீழே சொல்வதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் கை. அழுத்திப் பிடித்துவிடுகிறேன் என்று மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். இது சின்ன விஷயம் இல்லை, நீங்கள் கெட்டவர் என்று அர்த்தமும் இல்லை. உங்கள் பலம் தீர்ந்துபோகிற இடத்தை அது காட்டுகிறது. ஒரு வாரம் சுவரில் ஒரு தாளை ஒட்டி, கோபம் வந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் ஒரே நேரம்தான் திரும்பத் திரும்ப வரும்: கேண்டீனிலிருந்து வந்து, காலையில் பசியாறினதோடு சரி, மதியம் சாப்பிடாமலே அவரைத் துடைக்க உட்காருகிற நேரம். அப்படியானால் முதலில் நீங்கள் சாப்பிடுங்கள், பிறகு துடையுங்கள். இருபது நிமிடம் தள்ளிப்போனால் அவருக்கு ஒன்றும் ஆகாது. கை இறுகுகிறது என்று தெரிந்தவுடன் அவரை விழாதபடி சாய்த்துவிட்டு, கட்டில் கம்பியை ஏற்றிவிட்டு, ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். திரும்பிப் போய் அவரிடமே மன்னிப்புக் கேளுங்கள். பேச்சு போனவருக்குப் புத்தி போகவில்லை. நீங்கள் சொல்வதில் நிறைய அவருக்குப் புரியும். உடம்பில் அடையாளம் விழுகிற அளவுக்குப் போனால் மட்டும், அன்றே போதகரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும், ஒளிக்கக் கூடாது.

அவர் சிரிப்பதும் அழுவதும் உங்களைக் கேலி செய்வதற்காக இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு மூளையில் உணர்ச்சியைப் பிடித்து நிறுத்துகிற கட்டுப்பாடு தளர்ந்துவிடுவது பலருக்கு நடக்கிறது. ஒரு சின்ன விஷயம் போதும், பொங்கிவிடும், அடங்கவும் அடங்கிவிடும். அந்த நேரத்தில் 'ஏன் சிரிக்கிறீங்க' என்று கேட்டால் இன்னும் கூடும். பேச்சை மாற்றுங்கள், சன்னல் பக்கம் திருப்புங்கள், தோளில் கை வையுங்கள், போதும். இதற்கு மாத்திரையும் உண்டு. அடுத்த செக்கப்பில் சொல்லுங்கள். தண்ணீர் குடித்தால் இருமுவதையும் அன்றே சொல்லி, விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் (நிமோனியா) வரலாம். திருவிருந்துக்கும் இது பொருந்தும்: போதகரை மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்து கொடுக்கச் சொல்லுங்கள், அப்பத்தில் அரிசிமணி அளவு எடுத்து, ரசத்தில் நனைத்து, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தச் சொல்லிக் கொடுக்கலாமா என்று பயிற்சியாளரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை வாயில் வைத்துச் சாய்க்கக் கூடாது.

ஜெபம் வரவில்லை என்கிறீர்கள். தோட்டத்தில் பிறந்தவருக்கு இதைச் சொல்வது சுலபம். விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போகிறவர் மனசு சரியாயிருக்கிறதா என்று பார்த்துவிட்டா போனார்? பேர் கூப்பிடும்போது அங்கே நின்றார், அவ்வளவுதான். உங்கள் ஜெபத்தையும் கொஞ்ச நாளைக்குப் பெரட்டாக்கிவிடுங்கள். நேரம்: காலையில் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற நேரம். அளவு: சங்கீதம் 13, ஆறே வசனம், சத்தமாகப் படித்தால் ஒரு நிமிடம். ஒரு மாதம் முழுக்க இந்த ஒன்றே போதும், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். அதில் முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தரம் 'எதுவரைக்கும்' வருகிறது. கடைசி இரண்டு வசனத்துக்கு ஓடாதீர்கள். சபையில் நம் ஆட்கள் செய்கிற தவறே அதுதான்: 'எதுவரைக்கும்' என்று ஆரம்பித்து, மூச்சு விடுவதற்குள் 'களிகூரும்' என்று முடித்துவிடுவார்கள். அதனால்தான் அது நாக்கிலேயே நின்றுபோகிறது. உங்களால் இரண்டாம் வசனம் வரைக்கும்தான் மனதறிந்து சொல்ல முடிகிறது என்றால், அங்கேயே நிறுத்தி ஆமென் சொல்லுங்கள். சங்கீதம் 88 கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது; அதையும் பாட்டுப் புத்தகத்தில் வைத்துத்தான் இஸ்ரவேலர் பாடினார்கள். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல். ஞாயிற்றுக்கிழமை கைதட்டுப் பாட்டுகளை மட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதாக இருக்கும்.

ஒரு வாரம் தவறிவிட்டால் மொத்தமாகச் சேர்த்துக் கடன் தீர்க்க முயலாதீர்கள். மறுநாள் பேர் கூப்பிடும்போது போய் நில்லுங்கள்.

இனி சபை. லயத்தில் ஒரு வீட்டில் ஒருவர் விழுந்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். சுவர் மேலே திறந்துதானே கிடக்கும். இப்போது தாமானில் ஆளுக்கொரு கிரில் கதவு, ஆளுக்கொரு ஷிப்டு. 'ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்' என்று அனுப்புகிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. முதல் ஆறு மாதம் ஓடிவந்தவர்கள் விட்டுப்போனதற்கு இரண்டே காரணம்: இது எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை, வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பேசமுடியாத ஒரு மனிதர் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் பிரசங்கம் பண்ணிவிட்டுப் போனவர், அடுத்த தடவை வரக் கூச்சப்படுவார்.

ஆகவே கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும். 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்பவரிடம் 'பரவாயில்லைங்க' என்று சொல்வதை இன்றோடு விடுங்கள். மாதர் ஐக்கியத்தில் ஒரே ஒருவரைப் பிடியுங்கள். வாய் உள்ளவராக, பட்டியல் போடத் தெரிந்தவராக இருக்கட்டும். ஆள் சேர்ப்பது அவர் வேலை, உங்கள் வேலை இல்லை. செய்தி இப்படி இருக்கட்டும்:

'மூன்று மாதத்துக்கு மட்டும் நாலு வேலைக்கு ஆள் தேவை. ஒன்று, செவ்வாய் மாலை 3 முதல் 5 வரை அண்ணனோடு உட்கார ஒருவர். இரண்டு, வியாழன் இரவுச் சாப்பாடு, உப்புக் குறைவாக, முள் எலும்பு இல்லாமல். மூன்று, சனி காலை குளிப்பாட்ட இரண்டு ஆண்கள், 40 நிமிடம். நாலு, மாதம் ஒரு தரம் ஈப்போவுக்குப் போக ஒரு காடி (கார்). மூன்று மாதம் முடிந்ததும் நீங்கள் விலகிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டோம்.'

கடைசி வாக்கியத்தை மறக்காமல் போடுங்கள். முடிவு தெரிந்தால்தான் ஆள் வருவார்கள். வந்தவர்களில் சிலர் மூன்று மாதத்துக்குப் பிறகும் நிற்பார்கள். குளிப்பாட்டுவதை ஆண்களிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சவப்பெட்டி தூக்க ஆறு பேர் வருகிற சபையில், உயிரோடு இருக்கிறவரைத் தூக்க இரண்டு பேர் வரக்கூடாதா?

வருகிறவர்களுக்காகக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டுங்கள்: அவருக்கு இடது பக்கமாக உட்காருங்கள் (வலது பக்கம் பார்வை குறைந்திருக்கலாம்). டிவியை அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம். 'ஆமாம், இல்லை' என்று தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பதிலுக்குப் பத்து வினாடி காத்திருங்கள். அவர் தலைக்கு மேலே அவரைப் பற்றிப் பேசாதீர்கள். ஜெபம் இரண்டு நிமிடம்.

அந்த செவ்வாய் இரண்டு மணி நேரத்தில் நீங்கள் வீட்டு வேலை செய்யக் கூடாது. தூங்குங்கள், அல்லது வெளியே போங்கள். எலியா சூரைச் செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பிடச் சொன்னான். 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்ற காரணத்தை இரண்டாவது சாப்பாட்டின்போதுதான் சொன்னான்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். லோரி ஓட்டினவருக்கு முதலாளி சொக்சோ (SOCSO, தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டியிருந்தால், 60 வயதுக்குள் வேலை செய்ய முடியாமல் போனதற்கான ஓய்வூதியத்துக்கு மனுப் போடலாம். எப்போதும் ஒருவர் கூடவே இருந்து பார்க்கவேண்டிய நிலை என்று மருத்துவக் குழு சொன்னால் அதற்கென்று தனி அலவன்சும் உண்டு. மாற்றுத்திறனாளி அட்டைக்கும் உதவித்தொகைக்கும் மாவட்டச் சமூகநல இலாகா. அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். அதை மட்டும் ஓய்வென்று கணக்கில் எழுதாதீர்கள்.

சந்தோஷத்துக்கு வருவோம். உண்மையில் இதுதான் கஷ்டமான பாடம். துக்கத்தில் தரித்திருப்பதற்குச் சபையில் நூறு பிரசங்கம் கேட்டிருப்போம். சந்தோஷத்தில் எப்படித் தரித்திருப்பது என்று எத்தனை கேட்டிருக்கிறோம்? 'ரொம்ப சிரிச்சா அப்புறம் அழணும்' என்று நம் பாட்டிமார் சொன்னது ஞானஸ்நானம் எடுத்த பிறகும் மனதுக்குள் இருக்கிறது. சிரித்தால் கண்பட்டுவிடும், அவருக்கு இன்னும் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அது. வேதத்திலிருந்து வந்த பயம் இல்லை. இயேசு கானாவூர்க் கல்யாணத்தில் அடுத்து வரப்போகும் பாடுகளை நினைத்து முகம் வாடி உட்காரவில்லை. ஆறு கற்சாடி நிறையத் திராட்சரசம் கொடுத்தார்.

தோட்டத்தில் காண்டா (தோளில் வைத்துத் தூக்கும் தடி) தூக்கினவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் பால் வாளி இருந்தால்தான் தோளில் நிற்கும். ஒரு வாளியை இறக்கிவிட்டு மற்றதை மட்டும் தூக்கினால் பாரம் பாதிதான், ஆனால் நடக்க முடியாது. கல்யாணச் சந்தோஷத்தை இறக்கி வைத்தால் மற்ற பாரம் லேசாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். ஆகாது. எஸ்றா 3-ஆம் அதிகாரத்தில், இடிந்த ஆலயத்துக்கு மறுபடி அஸ்திபாரம் போட்ட நாளில், பழைய ஆலயத்தைப் பார்த்த முதியவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். எது அழுகை, எது சந்தோஷம் என்று பிரித்தறிய முடியாத சத்தம் வெகுதூரம் கேட்டது. யாரும் யாரையும் அடக்கவில்லை. கல்யாணத்தன்று நீங்களும் அப்படி இருக்கலாம். சேலை கட்டி, பூ வைத்து, சிரித்து, அழுது, எல்லாம் ஒரே நாளில்.

ஆனால் சந்தோஷத்துக்கும் வேலை இருக்கிறது, அதை இப்போதே தொடங்க வேண்டும். அவர் மகளைப் பீடம் வரைக்கும் கூட்டிப்போகட்டும். சக்கர நாற்காலி கிட்டத்தட்ட 65 சென்டிமீட்டர் அகலம். சபைக் கதவு 80 சென்டிமீட்டராவது திறக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். வாசற்படி 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் பலகை 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தள்ளுகிறவர் வழுக்குவார். நாற்காலியைத் தள்ள, மருந்து கொடுக்க, நடுவில் வெளியே கொண்டுபோக ஒருவரை நியமியுங்கள், அது நீங்களாக இருக்கக் கூடாது. அன்று நீங்கள் பெண்ணின் தாய். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதை முதலில் பணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்; ஆ லோங்கிடம் (கந்துவட்டிக்காரனிடம்) கடன் வாங்கி நடத்திய கல்யாணம் அடுத்த வருடம் வாசலில் சிவப்புப் பெயிண்டாக வந்து நிற்கும்.

இன்னொன்று. மூளையின் இடது பக்கம் அடிபட்டுப் பேச்சு போனவர்களில் பலருக்குப் பாட்டு போவதில்லை. ஒரு சொல் சொல்ல முடியாதவர், சிறு வயதில் பாடமான கீர்த்தனையைச் சொல்லோடு பாடுவார். பரமண்டல ஜெபத்தைக் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லிவிடுவார். பேச்சு திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை, எல்லாருக்கும் வரும் என்றும் இல்லை. முயன்று பாருங்கள். ஞாயிற்றுப் பள்ளியில் அவர் படித்த பாட்டு எது என்று மாமியாரிடம் கேளுங்கள். போன வருடம் வந்த வேகமான பாட்டு வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தாளத்துக்குத் தட்டுங்கள். முதல் இரண்டு நாள் வாய் மூடி ராகத்தை மட்டும் முனகுங்கள். பிறகு முதல் அடியை மெதுவாகப் பாடி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். சொல் வந்தால் ஆர்ப்பாட்டம் வேண்டாம், அடுத்த அடிக்குப் போங்கள். தப்பாக வந்தால் திருத்த வேண்டாம். வந்தவர்கள் முன்னால் 'பாடிக் காட்டுங்க' என்று சோதிக்கவே கூடாது. அவமானப்பட்டால் அடுத்த வாரம் வாயே திறக்க மாட்டார். உங்களுக்குச் சொந்த வார்த்தை வராத இரவுகளில் இதுவே இருவருக்கும் குடும்ப ஜெபம்.

ஆகஸ்டுக்கு நாள் இருக்கிறது. ஒரு பாட்டில் இரண்டு அடி பிடிபட்டாலும், அந்தப் பாட்டை ஆராதனையில் சபையார் எல்லாரும் சேர்ந்து பாடுகிற இடத்தில் போடச் சொல்லுங்கள். தனியாக அவரை விட வேண்டாம். மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். நிகழ்ச்சிநிரல் அச்சுக்குப் போகுமுன் போதகரிடம் பாட்டு எண்ணைக் கொடுத்துவிட வேண்டும்.